நீரின் மௌனமும் திரையின் மொழியும்

நுழையும்முன்

நீரில் மூழ்குபவர் கூக்குரலிடுவார், கைகளை உயர்த்தி உதவி கேட்பார் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். உண்மை வேறாக இருக்கிறது. மூழ்கல்கள் பலவும் ஓசையின்றி, அருகிலிருப்போர் அறியாமலே நிகழ்ந்து முடிகின்றன. அந்த ஓசையற்ற நொடிகளைக் கண்டறியும் கருவிகள் இன்று வந்துவிட்டன. ஆயினும், கருவி அறிந்ததைக் காப்பாற்றும் மனிதர் அறிந்தால்தான் உயிர் பிழைக்கும். கருவிக்கும் மனிதருக்கும் இடையே நிற்கும் திரை எப்படிப் பேச வேண்டும்? நீச்சல் பாதுகாப்புச் செயலி ஒன்றை வடிவமைக்கும் முறையைத் தொடர்ந்து சென்று இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

கயிறு என்னும் இடைமுகம்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் மிகப் பழமையான தொழில். தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியில் இருந்த கொற்கை, முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலும் அவ்விடத்து முத்துக்குளித்தலைக் குறிப்பிடுகிறது. முத்துக்குளிப்பவர், கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் கடலடிக்கு இறங்குவார். மூச்சை அடக்கியபடி சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையில் சேர்ப்பார். கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவரின் கையில் இருக்கும். மூச்சு முட்டும் வேளையில் கீழே இருப்பவர் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் உடனே அவரை இழுத்து மேலேற்றுவார்.

கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கும் ஒருவரின் நிலையை மேலே இருக்கும் மற்றொருவருக்கு உணர்த்தியது அந்தக் கயிறு. இன்றைய கணினியியலில் இடைமுகம் என்று நாம் எதனைச் சொல்கிறோமோ, அதன் வேலையை அது செய்தது. அது சொன்ன செய்தி ஒன்றே ஒன்று. அச்செய்தியைப் படிக்க வேண்டியதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. கண் வேறெங்கோ இருந்தாலும் கை அதனை உணர்ந்துகொள்ளும். செய்தி வந்ததும் செய்ய வேண்டிய செயலும் ஒன்றே: இழுத்தல். உயிர்காக்கும் இடைமுகத்திற்கு வேண்டிய பண்புகளுள் பலவற்றை இந்த எளிய கயிற்றில் காணலாம்.

கயிற்றுக்கு ஒரு குறையும் உண்டு. கீழே இருப்பவர் நினைவிழந்தால் கயிறு அசையாது. அசையாத கயிறு, 'எல்லாம் நலம்' என்றும் பொருள்படலாம். 'அசைக்க ஆளில்லை' என்றும் பொருள்படலாம். இந்த இரண்டு மௌனங்களையும் வேறுபடுத்தி அறிவதே நீர்ப் பாதுகாப்பின் அடிப்படைச் சிக்கலாகும்.

ஓசையற்ற ஆபத்து

நியூயார்க் நகரின் ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றியவர் பிராங்க் பியா. மக்கள் நீரில் தத்தளிக்கும் காட்சிகளைப் படம்பிடித்து ஆராய்ந்த அவர், மூழ்குபவரின் உடல் தன்னியல்பாகச் செய்யும் அசைவுகளை வகைப்படுத்தினார். அவர் கண்டறிந்தவை நம் பொது நம்பிக்கைக்கு மாறானவை.

மூழ்குபவரால் பெரும்பாலும் கூவ இயலாது. பேச்சுக்கு முன் மூச்சு வேண்டும். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் சிறுபொழுது மூச்சை விட்டு வாங்குவதற்கே போதாது. கைகளை அசைத்து உதவி கேட்கவும் இயலாது. கைகள் இருபுறமும் விரிந்து, நீரைக் கீழ்நோக்கி அழுத்தியவாறே இருக்கும். உடல் செங்குத்தாக நிற்கும், கால்கள் உந்தா. இந்நிலை ஏறத்தாழ 20 நொடி முதல் 60 நொடி வரையே நீடிக்கும். அதன்பின் அவர் நீருக்குள் அமிழ்ந்துவிடுவார். கரையிலிருந்து காண்பவருக்கு அவர் நீரில் நின்று விளையாடுவதுபோலவே தோன்றக்கூடும். அம்மாவின் கைக்கெட்டும் தூரத்திலேயே குழந்தை மூழ்குவதற்குக் காரணம் அம்மாவின் அன்புக் குறைவன்று. ஆபத்து தன்னை அறிவித்துக்கொள்ளாததே காரணம்.

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பத்தில் ஒன்பது இறப்புகள் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உடைய நாடுகளில் நிகழ்கின்றன.

தெரிந்து தெளிவோம்

ஆண்டுதோறும் ஜூலை 25ஆம் நாள் 'உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள்' எனக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தின் வழியே இந்நாள் அறிவிக்கப்பட்டது.

காவற்கண்ணின் சோர்வு

நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளர் இருக்கும்போது கருவி எதற்கு என்னும் வினா எழலாம். இரண்டாம் உலகப்போரின்போது கதிரலைக் கும்பாக்களின் திரையை, அதாவது ரேடார் திரையை, நெடுநேரம் உற்றுநோக்கிய வீரர்கள் எதிரியின் அறிகுறிகளைத் தவறவிட்டனர். இதனை ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த் என்னும் உளவியலாளர், கடிகாரம் போன்ற ஒரு கருவியை அமைத்தார். அதன் முள் சீராக நகரும்; எப்போதோ ஒருமுறை இரட்டைத் தாவலாகத் தாவும். தாவலைக் கண்டவுடன் தெரிவிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் நடந்த இச்சோதனையில், முதல் அரைமணி நேரத்திற்குள்ளாகவே கண்டறியும் திறன் குறையத் தொடங்கியது. 1948இல் வெளியான இம்முடிவு நமக்குச் சொல்வது இதுதான்: அரிதாக நிகழும் ஒன்றை இடையறாது எதிர்நோக்குவது மனித இயல்புக்குக் கடினமானது. அது சோம்பலன்று, மூளையின் இயற்கை.

இதனுடன் நீர்ப்பரப்பில் மின்னும் வெயில், கூட்டம், கூச்சல், பெற்றோர் கேட்கும் கேள்விகள் ஆகியவையும் சேர்கின்றன. ஆகவே, சோர்வறியாத கருவியொன்று காவலரின் கண்ணுக்குத் துணைநிற்பது பயனுடையது. ஆனால், அத்துணை அவருக்குச் சுமையாகிவிடக் கூடாது.

கருவி அறியும் வழிகள்

நீச்சல் பாதுகாப்புக் கருவிகளைப் பொதுவாக இருவகைப்படுத்தலாம். முதல்வகை, குளத்தின் மேலும் நீருக்கடியிலும் பொருத்தப்படும் ஒளிப்படக்கருவிகளைக் கொண்டது. அவை அனுப்பும் காட்சிகளைக் கணினி தொடர்ந்து ஆராய்ந்து, அடித்தளத்தில் அசைவின்றிக் கிடக்கும் உருவத்தைக் கண்டால் எச்சரிக்கும். இத்தகைய அமைப்புகளின் பாதுகாப்புத் தேவைகளையும் சோதனை முறைகளையும் வரையறுக்கும் 20380 என்னும் எண்ணுடைய பன்னாட்டுத் தரம் 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

இரண்டாம் வகை, நீந்துபவர் அணியும் பட்டை. அதிலுள்ள உணரி நீரின் அழுத்தத்தை அளக்கும். நீருக்குள் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதை இயற்பியலில் படித்திருப்பீர்கள். அக்கணக்கில் ஒரு மீட்டர் ஆழத்திற்குப் பத்தில் ஒரு பங்கு கூடும். இம்மாற்றத்தைக் கொண்டு, அணிந்திருப்பவர் எவ்வளவு ஆழத்தில் எத்தனை நொடிகளாக இருக்கிறார் என்பதைக் கணிக்கலாம்.

இங்கே ஓர் இடர் உள்ளது. புளூடூத் போன்ற வானொலி அலைகளை நீர் பெரிதும் உட்கவர்ந்துவிடும். பட்டை நீருக்குள் சென்றதும் அதன் குறிப்பலை கரையிலுள்ள பெறுகருவியை எட்டாமல் அற்றுப்போகும். எப்போது செய்தி மிகத் தேவையோ அப்போது செய்தி வராது. குறிப்பலை நின்றுபோவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: நீந்துபவர் மகிழ்ச்சியாக முக்குளிக்கிறார்; பட்டையின் மின்கலம் தீர்ந்துவிட்டது; அல்லது அவர் மூழ்கிவிட்டார். அசையாத கயிற்றின் பழைய சிக்கல், புதிய கருவியிலும் தொடர்கிறது. இச்சிக்கலை மறைக்காமல் காட்டுவதே திரையின் முதற்கடமை.

பயன்படுத்துபவர் யார்?

வடிவமைப்பின் முதல் வினா, திரையில் என்ன வைக்கலாம் என்பதன்று. திரையை யார், எங்கே, எந்நிலையில் பார்ப்பார் என்பதே. அறைக்குள் குளிர்காற்றில் அமர்ந்து செயலியை உருவாக்குபவருக்கு அழகாகத் தோன்றும் மென்சாம்பல் நிற எழுத்து, நண்பகல் வெயிலில் கண்ணுக்கே தெரியாது.

நம் செயலியின் முதன்மைப் பயனர் உயிர்காப்பாளர். அவர் விரல்கள் ஈரமாக இருக்கும். தொடுதிரையில் படியும் நீர்த்துளிகள் தொடுகையாகவே உணரப்பட்டுத் தவறான கட்டளைகள் பிறக்கும். அவர் குளத்தைப் பார்க்க வேண்டியவர். திறன்பேசியைப் பார்க்க வேண்டியவர் அல்லர். ஆகவே, திரையை அடிக்கடி பார்க்கத் தூண்டும் செயலி, எவ்வளவு எழிலாக இருப்பினும் தீங்கானதே. நல்ல செயலி, தேவையற்றபோது ஒதுங்கியிருக்கும். தேவையானபோது மணிக்கட்டில் அதிர்வாக வந்து தோள்தொட்டு அழைக்கும்.

இரண்டாம் பயனர், குளத்தின் மேலாளர். எந்தப் பட்டையில் மின்கலம் குறைவு, எந்த ஒளிப்படக்கருவி மங்கியுள்ளது என்பன அவருக்கு வேண்டிய செய்திகள். மூன்றாம் பயனர், பெற்றோர். தம் குழந்தை நீரில் இருக்கிறதா, கரையேறிவிட்டதா என்பதை அறிய அவர் விரும்புவார். மூவருக்கும் ஒரே திரையைக் கொடுத்தால் மூவருக்கும் பயன்படாது. ஒரே செய்தித்தொகுப்பிலிருந்து மூன்று வேறு திரைகள் உருவாக வேண்டும்.

திரையின் நான்கு நிலைகள்

உயிர்காப்பாளரின் திரை நான்கே நிலைகளைக் காட்டினால் போதும்.

'இயல்பு': எல்லாக் கருவிகளும் பேசிக்கொண்டிருக்கின்றன, ஐயத்திற்கிடமான எதுவும் இல்லை. இந்நிலையில் திரை அமைதியாக இருக்கும்.

'கவனி': யாரோ ஒருவர் வழக்கத்தைவிட நெடுநேரம் நீருக்குள் இருக்கிறார். மெல்லிய அதிர்வு ஒன்று, அருகிலுள்ள காவலருக்கு மட்டும்.

'காப்பாற்று': அசைவின்மை உறுதியாகியுள்ளது. வலிய அதிர்வும் ஒலியும் எல்லாக் காவலருக்கும்.

'தெரியவில்லை': கருவியுடன் தொடர்பு அறுந்துள்ளது, இந்தப் பகுதியை நேரில் பார்க்கவும்.

இந்நிலைகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்துவது பெரும் பிழை. ஐரோப்பிய மரபினரான ஆண்களுள் ஏறத்தாழ பன்னிருவரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் தெளிவாகப் பிரித்தறிய இயலாது. பிற நாட்டினரிடையேயும் இக்குறைபாடு உண்டு. நிறத்தோடு வடிவமும் சொல்லும் அதிர்வின் தாளமும் சேர்ந்தே வேறுபட வேண்டும். கவனி நிலைக்கு முக்கோணமும் காப்பாற்று நிலைக்குத் திரை முழுதும் நிறைந்த வட்டமும் அமையலாம். ஒரு புலன் தவறவிட்டதை மற்றொரு புலன் பிடித்துக்கொள்ளும்.

பொத்தான்களின் அளவும் கருதத்தக்கது. ஒரு பொருளை எட்டித் தொட ஆகும் நேரம், அதன் தொலைவையும் அகலத்தையும் பொறுத்தது என்பதைப் பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலாளர் 1954இல் கணித விதியாக வெளியிட்டார். பெரிதாகவும் அருகிலும் இருப்பதை விரைவில் தொடலாம். நடுங்கும் கை, ஈரவிரல், ஓடும் கால் ஆகியவற்றோடு தொட வேண்டிய பொத்தான், திரையின் பாதியளவு இருப்பதில் தவறில்லை.

ஒரு விளக்கு சொன்ன பொய்

'தெரியவில்லை' என்னும் நான்காம் நிலை எதற்கு? வரலாறு இதற்கு விடை சொல்கிறது. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலேண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அழுத்தத்தைத் தணிக்கும் அடைப்பிதழ் ஒன்று திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் அடைப்பிதழ் மூடிவிட்டது என்று பணியாளர்கள் பொருள்கொண்டனர். ஆனால், மூடுவதற்கான கட்டளை சென்றுவிட்டது என்பதை மட்டுமே அவ்விளக்கு காட்டியது. அடைப்பிதழ் உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அதே வேளையில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருசேர எழுந்து, இன்றியமையாதது எது என்று அறியவொட்டாமல் செய்தன.

பணியாளர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கருவி அறிந்ததற்கும் அறிந்ததாகக் காட்டியதற்கும் இடையே இருந்த வேறுபாடே பெரும்பிழை. நீச்சல் செயலிக்கும் இது பொருந்தும். தொடர்பு அறுந்த பட்டையைப் பச்சை நிறத்திலேயே காட்டும் திரை, அந்த விளக்கைப்போலவே பொய் சொல்கிறது. கடைசியாகச் செய்தி வந்து எத்தனை நொடிகள் ஆயின என்பதைத் திரை காட்ட வேண்டும். குறித்த நேரத்திற்குள் செய்தி வராவிடில் பச்சை மறைந்து 'தெரியவில்லை' எனத் தோன்ற வேண்டும். அறியாமையை ஒப்புக்கொள்வது மனிதர்க்கு மட்டுமன்றிக் கருவிக்கும் அழகு.

இருவகைப் பிழைகள்

எச்சரிக்கும் கருவி இரண்டு வகையில் பிழை செய்யலாம். ஆபத்து இல்லாதபோது கூவுவது ஒன்று. ஆபத்து இருக்கும்போது வாளாவிருப்பது மற்றொன்று. இரண்டாவது கொடியது என்பதில் ஐயமில்லை. அதனை அறவே தவிர்க்கக் கருவியின் உணர்திறனைக் கூட்டினால், முதலாவது பெருகும்.

ஒரு குளத்தில் ஆண்டுக்கு இருமுறை உண்மையான ஆபத்து நேர்கிறது எனக் கொள்வோம். கருவி நாள்தோறும் பத்துமுறை வீணாக எச்சரித்தால், ஆண்டுக்கு 3,650 பொய்யெச்சரிக்கைகளுக்கு நடுவே இரண்டே மெய்யெச்சரிக்கைகள் வரும். 'புலி வருது, புலி வருது' என்று கூவிய சிறுவனின் கதையில் ஊரார் கற்ற பாடத்தையே காவலரும் கற்பார். அவர் ஒலியைக் குறைப்பார், பின்னர் நிறுத்திவிடுவார். அன்று மூழ்குபவரை எந்தக் கருவியும் காக்காது.

இதற்குத் தீர்வு, எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்துவது. 'கவனி' நிலையில் அருகிலுள்ள காவலர் தலைதிருப்பிப் பார்க்க இரண்டு நொடி போதும். நீந்துபவர் நலமெனில், அவர் ஒரு பொத்தானை அழுத்தி 'பாதுகாப்பு' எனப் பதிவார். எந்த விடையும் வராவிடில், சில நொடிகளில் எச்சரிக்கை தானே அடுத்த நிலைக்கு உயர்ந்து எல்லாக் காவலரையும் அழைக்கும். இவ்வமைப்பின் நுட்பம் ஒன்றைக் கருதுக: காவலரின் மௌனத்தைச் செயலி 'நலம்' என்று கொள்வதில்லை; 'ஆபத்து' என்றே கொள்கிறது. பொத்தானை அழுத்தத்தான் மனித முடிவு வேண்டும், அழைப்புக்கு வேண்டாம்.

சொல்லும் உயிர்காக்கும்

செயலியின் சொற்களை இறுதியில் எழுதிக்கொள்ளலாம் எனப் பலர் எண்ணுவர். உண்மையில், சொற்களே இடைமுகத்தின் உயிர்நாடி. பின்வரும் இரண்டு செய்திகளை ஒப்பிடுக.

'பிழை 407: உணரி எண் 23இல் வரம்பு மீறிய மதிப்பு பதிவாகியுள்ளது.'

'4ஆம் தடம், ஆழப்பகுதி. 15 நொடியாக அசைவில்லை.'

முதற்செய்தி கருவியைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாம் செய்தி மனிதரைப் பற்றிப் பேசுகிறது. முதலாவதைப் படித்தவர் எண் 23 எங்கே என்று தேட வேண்டும். இரண்டாவதைப் படித்தவர் ஓடத் தொடங்கிவிடுவார். எங்கே என்பது முதலில், என்ன என்பது அடுத்து, எவ்வளவு நேரமாக என்பது இறுதியில் வருமாறு சொற்கள் நிரல்பட்டிருப்பதையும் நோக்குக. காவலர் ஓடும் திசையை முதற்சொல்லே காட்டுகிறது.

செய்தி தாய்மொழியில் இருப்பதும் முதன்மையானது. பதற்றத்தில் மனம், தான் நன்கறிந்த மொழியையே விரைந்து பற்றும். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றுவிட்டன. ஆகவே, தமிழில் செயலி அமைப்பதற்குத் தொழில்நுட்பத் தடையில்லை. கவனம் மட்டும் வேண்டும். ஆங்கிலச் சொல்லை அளவாகக் கொண்டு வரைந்த பொத்தானுக்குள் தமிழ்ச்சொல் அடங்காது பாதியில் வெட்டுப்படும். 'மீட்கவும்' என்பது 'மீட்க...' என நின்றால் பொருள் மங்கும். மேலும் கீழும் குறியீடுகள் ஏறி இறங்கும் தமிழ் எழுத்துக்கு வரியிடைவெளியும் சற்றுக் கூடுதலாக வேண்டும். மொழிபெயர்ப்பாக அன்றித் தமிழிலேயே சிந்தித்து வரையப்படும் திரையில் இக்குறைகள் எழா.

ஈரக்கையால் சோதித்தல்

வரைந்த திரை சரியானதா என்பதை வரைந்தவர் முடிவுசெய்ய இயலாது. தாளில் வரைந்த மாதிரியைக் குளக்கரைக்கு எடுத்துச் சென்று, உயிர்காப்பாளர் சிலரிடம் காட்ட வேண்டும். 'இது என்ன சொல்கிறது? இப்போது என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு, விளக்கம் தராமல் காத்திருக்க வேண்டும். அவர்கள் தயங்கும் இடமெல்லாம் வடிவமைப்பின் குறையே, அவர்களின் குறையன்று.

அடுத்து, இயங்கும் மாதிரியை நண்பகல் வெயிலில், ஈரக்கையோடு, கூட்டத்தின் இரைச்சலில் சோதிக்க வேண்டும். மனித உருவப் பொம்மையைக் குளத்தடியில் இட்டு, கருவி கண்டறிய எத்தனை நொடி, காவலர் உணர எத்தனை நொடி, நீரில் குதிக்க எத்தனை நொடி எனத் தனித்தனியே அளக்க வேண்டும். மூச்சு நின்று சில நிமிடங்களிலேயே, உயிர்வளி கிடைக்காத மூளை மீளாச் சிதைவை அடையத் தொடங்கும். ஆகவே, இங்கு மிச்சமாகும் ஒவ்வொரு நொடியும் ஒருவரின் நினைவாற்றல், பேச்சு, எதிர்காலம்.

கருவி துணை, காவல் நமது

செயலி எவ்வளவு சிறந்ததாயினும் சில எல்லைகளை மீறக் கூடாது. குளிப்பவரின் உடற்காட்சிகளைப் பதிவதும் சேமிப்பதும் அவர்தம் மதிப்போடு தொடர்புடையவை. தேவையான அளவே பதிவதும், தேவை முடிந்ததும் அழிப்பதும், யார் பார்க்கலாம் என வரையறுப்பதும் வடிவமைப்பின் பகுதிகளே. பெற்றோரின் திரையில் 'உங்கள் குழந்தை பாதுகாப்பாக உள்ளது' என எழுதுவதும் தவறு. கருவியால் அவ்வுறுதியைத் தர இயலாது. அச்சொற்களை நம்பிப் பெற்றோர் கண்ணைத் திருப்பினால், காக்க வந்த செயலியே ஆபத்துக்குத் துணைபோகும். 'பட்டை இயங்குகிறது, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருங்கள்' என்பதே நேர்மையான செய்தி.

நம் நாட்டில் ஏரி, கிணறு, ஆறு, கல்குவாரிக் குட்டை எனத் திரையும் இல்லாத, காவலரும் இல்லாத நீர்நிலைகள் ஏராளம். அங்கே நாம்தாம் கருவி. மூழ்குபவரின் மௌன அறிகுறிகளை அறிந்திருப்பது முதற்பாதுகாப்பு. ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால், பயிற்சியில்லாதவர் நீரில் குதிக்கலாகாது. காப்பாற்றச் சென்றவரும் சேர்ந்து மூழ்கும் துயரம் இதனால் நேர்கிறது. கரையில் நின்றபடியே கழியையோ துணியையோ நீட்டலாம்; மிதக்கும் வெற்றுக்குடத்தையோ கயிற்றையோ எறியலாம்; உரக்கக் கூவி ஆள்சேர்த்து, 108ஐ அழைக்கலாம்.

தோணியில் கயிற்றைப் பிடித்திருந்தவர், கயிறு அசையாத வேளையிலும் அதனைக் கைவிட்டதில்லை. அசைவு வருகிறதா என்று அவர் கை காத்திருந்தது. நாம் உருவாக்கும் செயலி எதுவாயினும், அதன் மறுமுனையில் அத்தகைய ஒரு கை இருக்க வேண்டும். அந்தக் கைக்கு உற்ற நேரத்தில் உண்மையைச் சொல்வதே திரையின் பணி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள நீர்நிலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள ஆபத்துகளையும் செய்யத்தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளையும் குழுவாகக் கலந்துரையாடுக.

2. நீச்சல் பாதுகாப்புச் செயலியின் 'தெரியவில்லை' நிலைக்குரிய திரையைத் தாளில் வரைந்து, அதில் இடம்பெறும் தமிழ்ச் செய்தியைப் பத்துச் சொற்களுக்குள் எழுதுக. வகுப்புத் தோழர் இருவரிடம் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைக் குறித்து வருக.

3. நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒன்றில் பொருள் விளங்காத அறிவிப்பு ஒன்றைத் தேர்ந்து, எளிய தமிழில் திருத்தி எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. திரீ மைல் ஐலேண்ட் கட்டுப்பாட்டு அறையின் விளக்கு உண்மையில் காட்டியது
அ) அடைப்பிதழ் மூடிய நிலையை ஆ) அடைப்பிதழ் திறந்த நிலையை இ) மூடும் கட்டளை சென்றதை ஈ) நீரின் அளவை

2. பொருத்துக.
நார்மன் மேக்வொர்த் – தொடுவதற்கு ஆகும் நேரம்
பால் ஃபிட்ஸ் – மூழ்குபவரின் அசைவுகள்
பிராங்க் பியா – காவற்கண்ணின் சோர்வு

குறுவினா

1. மூழ்குபவரால் கூவ இயலாமைக்குக் காரணம் யாது?

2. பட்டையின் குறிப்பலை நின்றுபோவதற்குரிய காரணங்களை எழுதுக.

சிறுவினா

1. முத்துக்குளிப்பவரின் கயிறு சிறந்த இடைமுகமாக விளங்கியமையையும் அதன் குறையையும் விளக்குக.

2. 'சொற்களே இடைமுகத்தின் உயிர்நாடி' – இக்கூற்றைச் சான்றுடன் நிறுவுக.

நெடுவினா

மௌனத்தைப் 'பாதுகாப்பு' எனக் கொள்ளலாகாது என்னும் கருத்து, நீச்சல் பாதுகாப்புச் செயலியின் வடிவமைப்பில் எவ்வெவ் இடங்களில் செயற்படுகிறது என்பதைக் கட்டுரையாக வடிக்க.